தோன்றா எழுவாய்

திண்டிவனத்தில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் சென்ற மாதம் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தோம். கவிதை படிப்பதாக ஏற்பாடு. படித்த கவிதைகளில் பாதி ஆற்றைப் பற்றியவை, ஆறு செத்துப்போன துக்கம். துக்கத்திலிருந்து பேச்சு விஞ்ஞானத்துக்குப் போயிற்று, விஞ்ஞானத்திலிருந்து சண்டைக்கு. இயற்கையை மனிதன் வெல்வதுதான் நாகரிகம், பெரியம்மையை ஒழித்தது அந்த வெற்றிதான், கவிஞர்கள் ஒப்பாரியை நிறுத்தலாம் என்றார் ஒரு நண்பர். வெல்ல நினைத்ததே பாவம், மனிதன் அகங்காரத்தை விட்டு இயற்கையின் மடிக்குத் திரும்பாவிட்டால் சர்வ நாசம் என்றார் இன்னொருவர். முன்னவர் பௌதிகம் சொல்லித் தருகிறவர். பின்னவர் கவிஞர். குரல்கள் உயர்ந்த பிறகு, 'நீ ஏன் சும்மா இருக்கிறாய்?' என்று என்னைக் கேட்டார்கள். பஸ் பிடிக்க வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன். கோலியனூர் வந்து சேரும்வரை பஸ்ஸில் யோசித்தது இது.

நான் விஞ்ஞானம் படித்தவன் இல்லை. பி.ஏ. ஆங்கிலம், பிழைப்புக்கு வங்கியில் குமாஸ்தா. இந்த விஷயத்தில் எனக்கு என்ன யோக்யதை என்று கேட்டால், வாக்கியங்களைக் கூர்ந்து பார்க்கிற பழக்கம் ஒன்றைத்தான் சொல்ல முடியும். அந்த மாடியில் இரண்டு கட்சியும் பேசியது ஒரே வாக்கியத்தை. 'மனிதன் இயற்கையை வெல்கிறான்.' ஒருவர் அதன் முடிவில் ஆச்சரியக்குறி போட்டார், மற்றவர் கண்ணீர்த்துளி போட்டார். செயப்படுபொருளைப் பற்றித்தான் இத்தனை தகராறும் - இயற்கை தாயா, மூலப்பொருளா, தெய்வமா, சரக்கா என்று. எழுவாயை யாரும் தொடவில்லை. யார் இந்த மனிதன்? எந்த ஊர்? எத்தனை ஏக்கர்?

தத்துவத்தில் இந்த வாக்கியத்துக்குத் தகப்பன் என்று ஃபிரான்சிஸ் பேக்கனைச் சொல்வது வழக்கம். 1620-ல் வந்த நோவும் ஆர்கனும் என்ற நூலில் அறிவும் ஆற்றலும் ஒன்றுதான் என்ற கருத்தை அவர் வைத்தார். ஆனால் அதே இடத்தில், இயற்கையை ஏவ விரும்புகிறவன் முதலில் அதற்குக் கீழ்ப்படிந்தாக வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். கண்டிக்கிறவர்களும் கொண்டாடுகிறவர்களும் இந்தப் பிற்பாதியை விட்டுவிடுகிறார்கள். பேக்கன் இங்கிலாந்தின் மிக உயர்ந்த நீதிப் பதவியில் இருந்து, 1621-ல் லஞ்சக் குற்றத்தை ஒப்புக்கொண்டு பதவி இழந்தவர் என்பது, கடன் கோப்புகளோடு காலம் தள்ளுகிற எனக்குச் சுவாரஸ்யமான தகவல். செத்த கோழியின் வயிற்றில் பனியை அடைத்து மாமிசம் கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கப் போய், சளி பிடித்து இறந்தார் என்று ஒரு கதையும் உண்டு. இயற்கையை ஏவப் போனவரை இயற்கை ஏவிவிட்டது என்று சிரிக்கலாம். நான் சிரிக்க மாட்டேன். பரிசோதனையின் விலையைத் தன் உடம்பாலேயே கொடுத்த மனிதர் அவர். பிற்காலத்தில் அந்த விலையைக் கொடுக்கிறவர்கள் வேறாகிவிட்டார்கள்.

இதை ஸ்பஷ்டமாகப் பார்த்த ஒருவர் சி. எஸ். லூயிஸ். குழந்தைக் கதை எழுதியவர், கிறிஸ்தவ ஆசாரவாதி என்று நம்மவர்கள் அவரைத் திறப்பதில்லை. 1943-ல் அவர் நிகழ்த்திய உரைகளில் ஒரு சிந்தனை வருகிறது. இயற்கையின் மீது மனிதனுக்குக் கிடைத்த அதிகாரம் என்று நாம் சொல்வதைப் பிரித்துப் பார்த்தால், சில மனிதர்கள் வேறு சில மனிதர்கள் மீது செலுத்துகிற அதிகாரமாக இருக்கிறது, இயற்கை அதற்குக் கருவி. ஆகாய விமானத்தையும் வானொலியையும் உதாரணம் காட்டுகிறார். முற்போக்கு முகாம் நண்பர்கள் லூயிஸைப் படிக்க வேண்டாம். தங்கள் எங்கல்ஸையாவது படிக்கலாம். 1925-ல் அச்சேறிய அவருடைய முடிவுபெறாத இயற்கை பற்றிய நூலில், இயற்கையை வென்றுவிட்டதாக ரொம்பவும் தற்பெருமை வேண்டாம், ஒவ்வொரு வெற்றிக்கும் அது பழிவாங்கும் என்ற எச்சரிக்கை இருக்கிறது. மெசபடோமியாவிலும் கிரீஸிலும் காடழித்து வயல் கண்டவர்கள் பாலைக்கு வித்திட்டதை அவர் விவரிக்கிறார். நம் ஊர் மேடைகளில் அந்தப் பக்கங்கள் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன போலும்.

சரி, தமிழுக்கு வருவோம். ஆங்கிலத்தில் எழுவாயை வெளியே நிறுத்தியாக வேண்டும். தமிழில் அவசியமில்லை. வினைமுற்றின் வாலிலேயே எழுவாய் ஒளிந்திருக்கும். இலக்கணக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் தோன்றா எழுவாய். அந்த வாலைப் பிடித்துக்கொண்டு போனால் நம்முடைய நூறு வருஷ விஞ்ஞான மோகத்தின் சரித்திரமே அகப்படும்.

பாரதியின் பாரத தேசம் பாட்டில் வங்கத்து மிகை நீரை நாட்டின் நடுப்பகுதிக்குத் திருப்புகிற திட்டம் வருகிறது, கடல் நடுவே பாலம் வருகிறது, ஆயுதம் செய்வதும் காகிதம் செய்வதும் வருகின்றன. நதி இணைப்பு மகாநாடுகளில் இன்றைக்கும் அதைப் பாடிவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். பாட்டு முழுவதும் வினைகள் 'ஓம்' என்று முடிகின்றன. தன்மைப் பன்மை. செய்கிறவன் யார் என்று அங்கே சந்தேகம் கிடையாது, நாம்தான். அடிமை நாட்டில் ஒருவன் இப்படி ஒரு 'ஓம்' போடுவது சாமான்யமில்லை. அதன் உக்கிரம் எனக்கு இன்னும் குறையவில்லை.

ஆனால் தமிழ் வேறொரு வேலையும் செய்து வைத்திருக்கிறது. கேட்பவனைச் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள். இரண்டுக்கும் வினையின் வால் ஒன்றுதான், 'ஓம்'. நன்னூல் இதில் இன்னும் கறார். 'அம்', 'ஆம்' விகுதிகள் முன்னால் நிற்பவரைச் சேர்த்துக்கொள்ளும். 'எம்', 'ஏம்', 'ஓம்' மூன்றும் படர்க்கையாரை, அதாவது அங்கே இல்லாத மூன்றாம் பேரைத்தான் சேர்க்கும் என்கிறது. பவணந்தி கணக்குப்படி 'செய்வோம்' என்று ஒருவன் சொன்னால் எதிரே நின்று கைதட்டுகிறவன் அதில் இல்லை. இலக்கணம் பிறகு தளர்ந்துவிட்டது, இன்றைய 'ஓம்' எல்லாரையும் சேர்க்கும், தெரியும். இருந்தாலும் அந்தச் சூத்திரம் என்னைத் தொந்தரவு செய்கிறது.

சாத்தனூர் அணை முடிந்தது 1958-ல். கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து கடலூரில் கடலில் விழுகிற தென்பெண்ணையை முழுசாக நிறுத்தி வைக்கிற முதல் பெரிய முயற்சி நம் பகுதியில் அதுதான். 119 அடி, 7321 மில்லியன் கன அடி. நேரு 1954-ல் பக்ரா-நங்கலில் அணைகளைப் புதிய கோவில்களாகப் பார்த்தது எல்லாருக்கும் தெரியும். சாத்தனூர் முடிந்த அதே 1958-ல், பிரம்மாண்டம் என்பதே ஒரு நோயாகிவிட்டது என்று பாசன என்ஜினீயர்களிடம் அவரே கவலைப்பட்டது யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் முதலாவதைத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். உல்லாசப் பயணம் கூட்டிக்கொண்டு போய், அணையையும் முதலைப் பண்ணையையும் காட்டி, புளிசாதம் கொடுத்துத் திருப்பி அழைத்து வந்தார்கள். 'நாம் கட்டிய அணை' என்று வாத்தியார் சொன்னார். நாங்கள் நம்பினோம். இந்த வாக்கியத்தில் நான் எழுதிய 'நாங்கள்' யார் என்று வாசகருக்குச் சிரமமில்லாமல் விளங்கும். அவருடைய 'நாம்' யார் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

விழுப்புரத்தில் கோலியனூரான் வாய்க்கால் என்று ஒன்று இருக்கிறது. பெண்ணையாற்றுத் தண்ணீர் நகரத்தின் ஊடே வந்து எங்கள் ஏரியில் விழ வேண்டிய வழி. நகரத்தின் சாக்கடையும் பாலித்தீன் பைகளும்தான் இப்போது அதில் அதிகம். பெயரை மட்டும் கவனியுங்கள். கோலியனூர் வாய்க்கால் இல்லை, கோலியனூரான். ஒரு ஆளின் பெயர் மாதிரி. அந்த 'ஆன்' எப்போது ஒட்டியது, யார் ஒட்டினார்கள் என்று தெரியாது. ஊருக்கு வருகிற தண்ணீரை ஊர்க்காரனாக எண்ணிய காலம் ஒன்று இருந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் கவிஞர் நண்பர் நிமிர்ந்து உட்காருவார். 'அதைத்தானே நானும் சொன்னேன், பழைய ஏரிப் பாசனம் இயற்கையோடு இயைந்தது' என்பார். இயைந்ததுதான். ஆனால் ஏரியும் இயற்கையை அடக்குகிற ஏற்பாடுதான். கரை போட்டுச் சரிவை மறித்து, மதகு வைத்து, கலங்கல் வைத்து, மழை எப்போது பெய்தாலும் தண்ணீர் நாம் சொல்கிறபோது வரட்டும் என்று செய்த ஏற்பாடு. புறநானூற்றின் 18-ஆம் பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொல்வது இதைத்தான். பள்ளமான இடங்களில் நீரைத் தடுத்து வைத்தவனுக்குத்தான் பெயர் நிலைக்கும் என்கிறார். அணை கட்டுகிற ஆசை நேருவிடமிருந்து வந்ததில்லை.

யார் அடக்கினார்கள் என்பதையும் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921. குடவோலைக்காக நாம் மார்தட்டிக்கொள்கிற அதே கல்வெட்டுகள்தான். ஏரி வாரியத்துக்கு வர வேண்டுமானால் வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், வயது 35-லிருந்து 70-க்குள். எழுவாய் எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். எந்த மடை எப்போது திறக்கும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்ற முடிவு கால் வேலிக்காரருடையது. நள்ளிரவில் மழையில் கரையோடு நடந்து, நண்டு வளை அடைத்து, குமிழிக்குள் மூச்சடக்கி மூழ்கிக் கல்லைத் தூக்குகிறவன் சேரியிலிருந்து வந்தான். நீர்க்கட்டி என்று பிற்காலத்தில் பெயர். ஊர்த் தண்ணீர் முழுவதும் அவன் கைவழியே போகும். அதே ஊரின் குடிதண்ணீர்க் கிணற்றில் அவன் கை படக்கூடாது. இயற்கையோடு இயைந்த வாழ்க்கை என்று உருகுகிறவர்கள் இந்தக் கையை எங்கே வைக்கப் போகிறார்கள்? எங்கள் தாத்தா ஏற்றம் இறைத்தவர். டீசல் எஞ்சின் வந்த அன்று அவர் உடம்பு அதை ஒரு விடுதலையாகத்தான் உணர்ந்தது என்று அப்பா சொல்வார். அந்த விடுதலையைக் கேலி செய்ய ஹைடெக்கருக்கு உரிமை கிடையாது.

பெயரைச் சொல்லிவிட்டதால் ஒரு வார்த்தை. ஹைடெக்கரின் 1953-ஆம் ஆண்டு உரை நம் வட்டத்தில் மந்திரம் மாதிரி புழங்குகிறது. ரைன் நதியின் மேல் மின்நிலையம் அமர்ந்திருக்கவில்லை, நதிதான் மின்நிலையத்துக்குள் சிறைப்பட்டுவிட்டது, உலகமே எடுத்துச் செலவழிக்கக் காத்திருக்கும் கையிருப்பாகிவிட்டது என்று அவர் பார்க்கிறார். கையிருப்பு என்ற சொல் வங்கிக்காரனைச் சுடத்தான் செய்கிறது. ஆனால் அவருடைய வாக்கியங்களிலும் ஆள் இல்லை. எல்லாவற்றையும் தொழில்நுட்பத்தின் சாராம்சமே செய்கிறது. மனிதர்கள் அதற்கு அழைக்கப்படுகிறவர்கள் மட்டும். 1933-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்த ஒருவருக்கு இப்படி ஆள் இல்லாத வாக்கியம் சௌகரியமாக இருந்திருக்கும் என்று சந்தேகப்படுவது விமர்சன தர்மத்துக்கு விரோதமானால், விரோதமாகவே இருக்கட்டும். இதற்குக் காந்தி தேவலை. 1909-ல் ஹிந்த் ஸ்வராஜில் யந்திரத்தைப் பாவம் என்றவர், பிற்பாடு சிங்கர் தையல் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்து ஒருவன் கண்டுபிடித்தது என்பது அவர் சொன்ன காரணம். தத்துவமாக இது ஓட்டை. ஆனால் யார் யாருக்காகச் செய்தது என்று யந்திரத்திடம் கேட்கலாம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

யாருக்காக, யார் என்ற இரண்டு கேள்வியையும் தமிழில் ஒரு நாவல் கேட்டிருக்கிறது. சா. கந்தசாமியின் சாயாவனம், 1969, வாசகர் வட்டம் வெளியீடு. கடல் கடந்து பொருள் சேர்த்த சிதம்பரம் ஊர் திரும்பி, சாயாவனத்தில் ஒரு காட்டை விலைக்கு வாங்கி, அழித்து, கரும்பாலை வைக்கிறான். கதை அவ்வளவுதான். நாவலின் பெரும்பகுதி காடு அழிகிற வேலை. வெட்டுவது, இழுப்பது, கொடிகளோடு மல்லுக்கு நிற்பது, கடைசியில் நெருப்பு. கந்தசாமி எங்கும் மூக்கைச் சிந்தவில்லை. அழிவை வேலையாக மட்டும் பார்த்தார், வேலையின் சந்தோஷத்தோடு பார்த்தார். படிக்கிறவன் தன்னையறியாமல் சிதம்பரத்தின் கட்சியில் சேர்ந்து, எப்போதடா இந்தக் காடு ஒழியும் என்று காத்திருக்க ஆரம்பிக்கிறான். இதுதான் அந்த நாவலின் சாமர்த்தியம். இதைச் சுற்றுச்சூழல் நாவல் என்று இப்போது முத்திரை குத்துகிறவர்கள் பார்க்கத் தவறுவதும் இதைத்தான். பிரச்சாரம் வாசகனை நீதிபதியாக்கும். சாயாவனம் அவனைக் கூட்டாளியாக்குகிறது.

காடு எரிவது நமக்குப் புதிதல்ல. பாரதத்தில் காண்டவ வனம் எரிந்தது, கிருஷ்ணனும் அர்ச்சுனனும் காவல் நின்றார்கள். கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமத்தில் குடியேறிகள் காட்டுக்குத் தீ வைத்துத்தான் நிலம் காண்கிறார்கள். பாரதியின் அக்கினிக் குஞ்சுக் கவிதையில் எரிவதும் காடுதான். ஆனால் இங்கெல்லாம் எரித்தவனுக்கு ஒரு தேவை, ஒரு தெய்வம், அல்லது ஒரு குறியீடு துணை இருந்தது. சிதம்பரத்துக்கு எதுவும் இல்லை. அவன் ஒரு தனி ஆள். வினையின் வால் 'ஓம்'-இலிருந்து 'ஆன்'-க்குச் சுருங்கிவிட்டது. வெட்டினான், எரித்தான், கட்டினான்.

ஆலை வந்த பிறகு நெல்லாகப் புழங்கிய ஊரில் காசு நுழைகிறது. அந்தப் பகுதியை நாவல் கொஞ்சம் வேகமாகத் தாண்டிவிடுகிறது என்பது என் குறை. நெருப்புக்குக் கொடுத்த பக்கங்களில் கால்வாசியைக் காசுக்கும் கொடுத்திருக்கலாம். முடிவில் புளி வருகிறது. காட்டோடு எரிந்துபோன புளியமரங்களின் புளி மாதிரி வேறு புளி வாய்க்கு ருசிக்கவில்லை. ஒரு கிழவி சிதம்பரத்தை நேருக்கு நேர் பார்த்து, எல்லாவற்றையும் எரித்துவிட்டாயே, இனி எங்கிருந்து தரப்போகிறாய் என்ற அர்த்தத்தில் கேட்கிறாள். அதோடு நாவல் முடிகிறது. இந்த முடிவை எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள், புளியின் குறியீட்டுக்காக. எனக்கு முக்கியம் அவள் பயன்படுத்துகிற 'நீ'. அவளால் 'நீ' என்று சொல்ல முடிகிறது. ஆள் எதிரே நிற்கிறான், பெயர் இருக்கிறது, உறவு முறையே இருக்கிறது. குற்றம் சாட்ட முகவரி இருக்கிறது.

எங்கள் பக்கத்திலும் கரும்புதான். நெல்லிக்குப்பம் ஆலைக்கும் முண்டியம்பாக்கம் ஆலைக்கும் வண்டிகள் போகும். ஆனால் எங்கள் பக்கத்துச் சிதம்பரம் யார்? 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் பம்ப்செட் மின்சாரம் இலவசமாயிற்று. அப்பாவின் கிணறு நாற்பது அடி. அதற்குள் ஒரு துளை, துளைக்குள் இன்னொரு நீளம், பிறகு தனியாக ஆழ்துளை. பக்கத்து வயல்காரர் இன்னும் ஐம்பது அடி கீழே போனால் நம் மோட்டார் காற்றைக் கக்கும். நாமும் போக வேண்டும். யாரும் பேராசைப்படவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவருக்குப் பயந்தார்கள்.

ஆழ்துளை போடுகிற அன்று நடப்பதைக் கவிஞரும் பௌதிக நண்பரும் சேர்ந்து வந்து பார்க்க வேண்டும். முதலில் நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு வயலில் நடப்பார், தேங்காய் நிமிர்கிற இடத்தில் குச்சி நடுவார்கள். பிறகு போர் வண்டி வரும், காற்றழுத்தத்தில் பாறையைத் துளைக்கிற யந்திரம். அதன் நெற்றியில் சந்தனம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், கற்பூரம். எங்கள் ஊர் புத்துவாய் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார்கள். புற்றைத் தெய்வமாகக் கும்பிடுகிற அதே கைகள், மனைப்பிரிவுக்கு இடைஞ்சலான புற்றை ஜேசிபி இடிக்கும்முன் அதற்கும் பால் ஊற்றுகின்றன. பக்தி குறைந்ததால் இயற்கை அழிந்தது என்பதும், மூடநம்பிக்கை போனால் விஞ்ஞானம் வரும் என்பதும் எங்கள் வயல் வரப்பில் ஒரு நிமிஷம் நிற்காது.

எல்லாம் முடிந்து அந்தக் கோப்பு எங்கள் மேஜைக்கு வரும். கடனின் நோக்கம் என்ற கட்டத்தில் 'கிணறு ஆழப்படுத்தல்' என்று நான் எழுதுவேன். எழுதி எழுதி என் கையெழுத்திலேயே அது அச்சு மாதிரி ஆகிவிட்டது. ஆழப்படுத்தல் - தொழிற்பெயர். அதில் வால் கூட இல்லை. எத்தனை ஆயிரம் அடி ஆழத்தை அந்தச் சின்னக் கட்டத்துக்குள் நான் எழுதியிருப்பேன் என்று ஒரு நாள் கூட்டிப் பார்க்க ஆரம்பித்து, நிறுத்திவிட்டேன். அப்பாவின் விண்ணப்பத்தையும் நான்தான் நிரப்பினேன்.

2020-ல் தளவானூருக்கும் எனதிரிமங்கலத்துக்கும் நடுவில் பெண்ணையின் குறுக்கே சுமார் 25 கோடி ரூபாயில் ஒரு தடுப்பணை திறந்தார்கள். 2021 ஜனவரியில் ஒரு பக்கம் உடைந்தது. அந்த வருஷம் நவம்பர் வெள்ளத்தில் மேலும் சிதைந்து, மிஞ்சியதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதே வெள்ளத்தில், 1950-ஐ ஒட்டிக் கட்டி எழுபது வருஷம் நின்ற எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் உடைந்தது. ஊழல் என்று பேசினார்கள், அது வேறு விஷயம், அதற்கு வேறு பத்திரிகைகள் இருக்கின்றன. இங்கே இவற்றைச் சொல்வதற்குக் காரணம் வினைகள்தான். மேலே உள்ள வாக்கியங்களில் 'திறந்தார்கள்', 'தகர்த்தார்கள்' என்று எழுதினேன். யார்? வட்டாரப் பேச்சில் அது 'தெறந்தாங்க'. 'கரண்டு வுட்டாங்க', 'தண்ணி வுட்டாங்க', 'லோன் குடுத்தாங்க', 'மோட்டார புடுங்கிட்டாங்க'. மரியாதைப் பன்மை. ஜனங்கள் அதிகாரத்துக்குக் கண்டுபிடித்த சரியான விகுதி இது. ஆள் இருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரியும். யார் என்று தெரியாது. எவனாக இருந்தாலும் மரியாதை கொடுத்துவிடுவது உசிதம்.

அதிகாரம் தன்னைப் பற்றிப் பேசும்போது இந்த 'ஆங்க'-வும் போய்விடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அடுத்தடுத்த நாட்களில் நம் மயிலத்திலும், ஆற்றின் மேல்பக்கம் ஊத்தங்கரையிலும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை. டிசம்பர் 2 விடியுமுன் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் 'திறந்துவிடப்பட்டது'. முன்னறிவிப்பு இல்லை என்றது எதிர்க்கட்சி. படிப்படியாக எச்சரிக்கை கொடுக்கப்பட்டது என்றது அரசாங்கம். நிறைந்த அணையில் இன்னும் நீரைத் தேக்கினால் அணைக்கே ஆபத்து, என்ஜினீயருக்கு அந்த நேரத்தில் வேறு வழி குறைவு. அதை மறுக்கிற அறிவு எனக்கு இல்லை. எனக்கு அகப்பட்டது 'படு' மட்டும். தமிழில் செயப்பாட்டுக்குத் துணையாக நிற்கிற இந்தச் சொல்லுக்கு அனுபவித்தல், துன்பப்படுதல் என்றே அர்த்தம். அடிபட்டான், பாடுபட்டான். நீர் திறந்துவிடப்பட்டது என்றால் இலக்கணப்படி அங்கே பட்டது நீர். உண்மையில் பட்டவர்கள் வாக்கியத்துக்கு வெளியே இருட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த எண்ணையும் நான் குமாஸ்தா புத்தியால் போட்டுப் பார்த்தேன். ஒரு கன அடி 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரிகள் என்றால், விநாடிக்கு ஏறக்குறைய நானூறு லாரி. நிறைந்த சாத்தனூர் அணை முழுவதும் பன்னிரண்டு மணி நேரத்தில் காலியாகிவிடுகிற வேகம். இப்படிச் சொன்னால் என் அம்மாவுக்குப் புரிகிறது. கன அடி என்று சொன்னால் என்ஜினீயருக்குப் புரிகிறது. அரசூரில் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையே ஆறாகிவிட்டது. எங்கள் ஊரில் தெருவில் தண்ணீர், அவ்வளவுதான். ஆற்றோரக் கிராமங்கள்தான் போயின.

ஒரு வாரம் கழித்து வங்கியில் ஈரக் காகித வாசனை. பாஸ்புத்தகம், நகைக்கடன் ரசீது, ஆதார் அட்டை எல்லாம் சேறும் ஊறலுமாக பாலித்தீன் பையில். ஆற்றோரத்து அம்மாள் ஒருத்தி, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், என் ஜன்னலுக்கு வந்தாள். பையைப் பிரித்து ஒட்டிக்கொண்ட பக்கங்களை நகத்தால் பிரித்தாள். இரண்டு ஆடும் ஒரு மாடும் போனதைச் சொன்னாள். முன்கூட்டியே சொல்லவில்லையா என்று, நானும் எல்லாரையும் போலத்தான், கேட்டேன்.

'சொன்னாங்க சாரு. ஆத்துல எவ்ளோ வருதுன்னு சொன்னாங்க. வூட்டுல எவ்ளோ வரும்னு யாரும் சொல்லலியே.'

பிறகு கம்பிக்குள் என்னைப் பார்த்து, 'நீங்க சொல்லியிருக்கலாமில்ல? படிச்சவங்கதானே' என்றாள்.

சாயாவனத்துக் கிழவியின் 'நீ' இத்தனை வருஷம் கழித்து 'நீங்க' ஆகி என் ஜன்னலுக்கு வந்திருந்தது. சிதம்பரத்தைத் தேடி அவள் எங்கே போவாள்? அவளுக்குத் தெரிந்த சர்க்கார், விஞ்ஞானம், இங்கிலீஷ், கணக்கு எல்லாவற்றுக்கும் அன்றைக்குக் கிடைத்த ஒரே முகம் என்னுடையது. நான் அணை கட்டவில்லை, மதகு திறக்கவில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லலாம்தான். கிணறு ஆழப்படுத்தல் என்று எழுதின கை மேஜையின் மேல் இருந்தது.

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. விண்ணப்பத்தாள் ஒன்றை எடுத்து அவளுக்காக நானே எழுதினேன். 'வெள்ளத்தில் சேதமடைந்த பாஸ்புத்தகத்துக்குப் பதிலாகப் புதியது வழங்கப்பட வேண்டும்.' எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன். அடித்துவிட்டு வேறு மாதிரி எழுத நேரமில்லை. ஸ்டாம்ப் பேடை நகர்த்தி அவள் கட்டைவிரலைப் பிடித்து வைத்தேன். சேற்றில் ஊறிய விரல், ரேகை சரியாக விழவில்லை. இரண்டாம் தடவை வைத்தோம்.